வெளியில் தெரியாத செலவு

ஹாம் காமாட்சி அம்மன் தேருக்குப் போனால் இரண்டு வகைத் தேர் பார்க்கலாம். ஒன்று அம்மனுடைய தேர். மற்றது, கார் தரிப்பிடத்தில் எங்கட பெடியள் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிற தேர்கள். இரண்டாவது வகைத் தேருக்கு வடம் தேவையில்லை. ஆனால் பதித்துக் கட்டின பதிவில், புல்லுத் தரையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் நாலு பேர் இறங்கித் தள்ளவேண்டி வரும்.

இந்த முறை அங்கே தெரிந்த அண்ணை ஒருவரைக் கண்டேன் (நல்ல மனுசன், பெயர் வேண்டாம்). என்னுடைய காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னடாப்பா, காருக்கு ஆயிரத்தறுநூறு யூரோ செலவழிச்சனெண்டு கேள்விப்பட்டன். எங்க, ஒண்டையும் காணேல்லையே?"

"கீழ இருக்கண்ணை."

"கீழ எண்டா?"

"ரயர், சொக் அப்சோபர், புஸ்... உப்பிடியான சாமானுகள்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில போய்க் காசைக் கொட்டியிருக்கிறாய்!"

அண்ணை பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வசனம் மூன்று கிழமையாக என்னுடைய மண்டைக்குள் நிற்கிறது. பீட்சா அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதும் நிற்கிறது. எங்கட சனம் காசு செலவழிக்கிற விதத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒருத்தரும் சொல்ல முடியாது. ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில் செலவழித்தால் அது கொட்டினது. தெரிகிற இடத்தில் கொட்டினால் அது செலவு!

சரி, விசயத்துக்கு வருகிறேன். இது கார் சஸ்பென்சன் பற்றின பதிவு. கார் பிடிக்காத ஆக்களும் வாசிக்கலாம், கடைசியில் எல்லாம் ஒன்றுதான்.

என்னுடைய கார் ஃபோர்ட் ஃபியெஸ்ரா எஸ்.ரி, 2015ஆம் ஆண்டுக் கார். 1.6 லீற்றர் ரேபோ, 182 குதிரைவலு. நான் வசிக்கிற சவர்லாண்ட் மலைப்பக்கத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு உள்ளே, கேர்ல்ன் நகரத்தில் செய்த கார். 1976இல் தொடங்கின ஃபியெஸ்ராவை 2023 யூலையோடு நிற்பாட்டிவிட்டார்கள். இனிப் புதிது கிடையாது, உள்ளதைக் காப்பாற்றினால்தான் உண்டு. 2022இல் 98,000 கிலோமீற்றரோடு வாங்கினேன்.

"றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்னத்துக்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒரு திருத்தம்: கோப்பை கழுவினது 2007இலிருந்து 2010 மட்டும். இப்போது அடுப்படி. இரண்டாவது, நான் ஊருக்கும் அனுப்புகிறேன், வாடகையும் கட்டுகிறேன், அதுக்குமேல் ஒருவருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவதுதான் உண்மையான பதில். இரவு பதினொன்றுக்கு அடுப்பை நிற்பாட்டி, நிலம் கழுவி வெளியில் வந்தால் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிச மலைப்பாதை. அந்த இருபத்தைந்து நிமிசமும் "கெதியா, கெதியா" என்று கத்த ஒருத்தரும் இல்லை. வளைவு வரும், கை தன்பாட்டில் திரும்பும், கார் சொன்னதைக் கேட்கும். ஒரு நாளில் நான் சொன்னதைக் கேட்கிற ஒரே சாமான் அதுதான். 70 போடச் சொன்ன இடத்தில் 70இல்தான் போகிறேன். நல்ல சின்னக் காரின் சுகமே அதுதான், 70இலேயே சந்தோசம் தரும்.

நாலு வருச லீசிங்கில் பெரிய காரும், பிள்ளையை ஹெலிகொப்ரரில் இறக்கின சாமத்தியவீடும் சரியென்றால், என்னுடைய இந்த இருபத்தைந்து நிமிசமும் சரிதான்.

நிற்க.

நான் இந்தப் பதிவில் சண்டைக்கு இழுப்பது லீசிங் அண்ணைமாரை மட்டும் இல்லை. சஸ்பென்சனை விளங்காமல் காரைப் பதிக்கிற பெடியளையும்தான். அந்தப் பெடியளுக்குக் காசு குடுக்கிற மாமன்மாரையும்தான். அப்படி ஒரு மாமன் நான்.

அக்காவின் மகனுக்கு இருபத்தொரு வயது. கையில் ஒரு பழைய சின்னக் கார், 140,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடினது. இரண்டு வருசத்துக்கு முன்னம் அவனுடைய பிறந்தநாளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டேன். "மாமா, ஸ்பிறிங் ஒரு செற் வாங்கித் தாங்கோ" என்றான். நான் முந்நூறு யூரோவை எடுத்துக் குடுத்தேன். பௌதிகவியல் படித்தவன் நான் (அரைவாசிதான்!). யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் இரண்டாம் வருசம், 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதையைப் பூட்டும்வரைக்கும் ஸ்பிறிங்கையும் அலைவையும்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொக் அப்சோபர் எந்த நிலையில இருக்கு?" என்று ஒரு கேள்வி. கேட்டிருந்தால் அக்காவின் கை இன்றைக்கு நேராக இருந்திருக்கும்.

அவன் இணையத்தில் பேர் தெரியாத ஸ்பிறிங் வாங்கி, கூட்டாளியின் வளவில் வைத்துப் பூட்டினான். கார் ஐந்து சென்ரிமீற்றர் பதிந்தது. மிச்சக் காசையும் தன்னுடைய காசையும் போட்டுப் பெரிய றிம் வாங்கினான். ரயருக்குக் காசு மிஞ்சவில்லை, ஆகத் திறமான மலிவுச் சாமானை ஏற்றினான். படம் எடுத்து அனுப்பினான். "சோக்கா இருக்கடா" என்று நானும் பதில் போட்டேன்.

கார்த்திகை மாதம் ஒரு விடியக்காலை, மழை. அக்கா துப்புரவு வேலைக்குப் போகிறவ, ஐந்து மணிக்கு நிற்கவேண்டும். மகன் கொண்டுபோய் விடுகிறான். இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு நடுவில் தார் ஒட்டுப்போட்ட மேடு. கார் அதில் ஏறி விழுந்தது, பின்பக்கம் துள்ளினது, அப்படியே சுழன்று தகரவேலியில் அடித்தது. மருமகனுக்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. பதினொரு கிழமை வேலை இல்லை. இன்றைக்கும் அவ மாப்பிழிகிறபோது இடியப்ப உரலை இடது கையால்தான் அமத்துகிறா.

பிறகு அந்தக் காருக்குக் கீழே நான் படுத்துப் பார்த்தேன். பின் சொக் அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் வழிந்து தூசி பிடித்துக் காய்ந்திருந்தது. பம்ப் ஸ்ரொப் என்கிற இறப்பர்க் கட்டை உக்கித் துண்டு துண்டாகக் கிடந்தது. பின் ரயரில் இரண்டு மில்லிமீற்றர் பூகூட இல்லை. மழையும்தான், வேகமும் கொஞ்சம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிலத்தை விட்டு எழும்பின ரயர் மழையிலும் பிடிக்காது, வெய்யிலிலும் பிடிக்காது. அதை எழும்பவிட்டது என்னுடைய முந்நூறு யூரோ.

இனிக் கொஞ்சம் பௌதிகவியல். பயப்பட வேண்டாம், ஓ.எல். கணக்குத்தான்.

ஸ்பிறிங் செய்கிற வேலை சக்தியை வாங்கி வைத்திருப்பது. வைத்திருந்ததை அது திருப்பித் தரும். தந்தால் கார் துள்ளும். அந்தச் சக்தியை வாங்கி, எண்ணெய்க்குள்ளால் தள்ளி, சூடாக்கிக் காற்றில் விடுகிறது சொக் அப்சோபர். ஸ்பிறிங் கடன் வாங்கினால் கடனை அடைக்கிறது இது. கடனை அடைக்கிறவன் செத்துப்போயிருக்கும்போது புதிதாக இன்னும் பெரிய கடன் எடுக்கிற வேலைதான், தேய்ந்த சொக் அப்சோபரில் இறுக்கமான ஸ்பிறிங்கைப் பூட்டுவது.

அடுத்தது இடம். உதாரணத்துக்கு, சில்லு மேலே போக 70 மில்லிமீற்றர் இடம் இருக்கிற கார் என்று வைப்போம். 30 மில்லிமீற்றர் பதித்தால் மிச்சம் 40. குழி மாறவில்லை, காரின் பாரம் மாறவில்லை. அதே அடியை 40 மில்லிமீற்றருக்குள் விழுங்கவேண்டும். ஸ்பிறிங்கில் சேருகிற சக்தி அமத்தின தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று படித்திருப்பீர்கள். 70ஐ 40ஆல் பிரித்து வர்க்கம் எடுங்கள்: மூன்றுக்குச் சற்று மேல். அதாவது ஸ்பிறிங் மூன்று மடங்கு இறுக்கமாக இருந்தால்தான் அடிமட்டத்தில் இடிக்காமல் தப்பலாம். பதிக்கிற ஸ்பிறிங்குகள் பொதுவாக அந்தளவு இறுக்கமே இல்லை, பழையதைவிடக் கொஞ்சம்தான் கூட. மிச்ச வேலையை யார் செய்வது? பம்ப் ஸ்ரொப்தான். வளைவுக்கு நடுவில் கார் போய் அதில் இடிக்கிற நேரம், ஸ்பிறிங் இருந்த இடத்தில் ஒரு கட்டை இருக்கிறமாதிரி. ரயர் சறுக்குகிறது அந்த இடத்தில்தான்.

"பதிச்சா கார் சாயாது மாமா, அதுதான் ஸ்போர்ட்" என்று மருமகன் சொல்லுவான். ஒரு சின்னக் காரின் பாரமையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ அரை மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும். 30 மில்லிமீற்றர் பதித்தால் அந்த உயரத்தில் ஆறு வீதம்கூடக் குறையாது. வளைவில் உள்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்கு மாறுகிற பாரமும் அந்த அளவுதான் குறையும். இதுபோன்ற கார்களின் முன்பக்கம் மக்பேர்சன் அமைப்பு. அதை அளவுக்குமீறிப் பதித்தால், கீழே இருக்கிற ஆம் மேல்நோக்கிச் சரிந்து, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி பாரமையத்தைவிட வேகமாகக் கீழே போகும். பிறகு சாயப்பண்ணுகிற நெம்பு நீளும். பதித்த லாபத்தை அதுவே தின்றுவிடும். வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு இது தெரியாது. அவனுக்குச் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல் போகவில்லை, அவ்வளவுதான் வேண்டும்.

என்னுடைய கோபம் முழுக்க இதில்தான். சஸ்பென்சன் என்பது ஒரு காரில் கண்ணுக்குத் தெரியாத பகுதி. எங்கட ஆக்கள் அதைக்கூடத் தெரிகிற சாமானாக மாற்றிப்போட்டார்கள். பதித்தால் தெரியும். றிம் தெரியும். புதுப் புஸ் தெரியாது, புதுப் போல் ஜொயின்ற் தெரியாது, அலைன்மென்ற் தெரியவே தெரியாது. ஆகவே முதல் இரண்டுக்கும் காசு இருக்கிறது, மற்ற மூன்றுக்கும் இல்லை. தாய் தகப்பன் மண்டபத்துக்கு இருபதாயிரம் குடுத்துப்போட்டுப் பல்லு வருத்தத்தைத் தள்ளிப்போடுகிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையள் வேறு எப்படிச் செய்வார்கள்? பெடியளை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

சரி, திட்டிப்போட்டேன். இனி நான் செய்தது.

எங்கள் றெஸ்ரோறன்ரில் சந்தோசக் காசில் அடுப்படிக்கும் பங்கு உண்டு. மாதம் 120 யூரோவைத் தனியே ஒரு ஊறுகாய்ப் போத்தலில் போட்டேன். பதினாலு மாதத்தில் 1680. கையிலிருந்து 20 போட்டு 1700 ஆக்கினேன். காசு சேருகிற காலத்தில் ஒன்றும் வாங்கவில்லை. அதுக்குப் பதிலாகக் காருக்குக் கீழே படுத்தேன். திட்டத்தின் முதல் படி அதுதான், அதுக்குக் காசும் இல்லை. எது தேய்ந்திருக்கிறது என்று எழுதவேண்டும். எனக்கு முன் லோவர் ஆம் இரண்டிலும் புஸ் வெடித்திருந்தது, ஒரு போல் ஜொயின்ற் ஆடினது. ஆச்சரியம் இல்லை. 2021 டிசம்பரில் ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடெப் பள்ளத்தாக்குப் பாலத்தைப் பூட்டி, 2023 மேயில் அதை வெடிவைத்து விழுத்தினார்கள். அந்த நெடுஞ்சாலையில் போன பார ஊர்தியெல்லாம் லூடென்ஷைட் ஊருக்குள்ளால் போய் வீதியை உழுதது. நான் வேலைக்குப் போகிற வீதியும் அதுதான்.

எழுதின பிறகு ஒழுங்குபடுத்தினேன். நிலத்தில் முட்டுகிற சாமானிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும்.

முதலாவது ரயர், 205/40 அகலத்தில் 17 அங்குலம், நாலும் நல்ல கோடை ரயர், பூட்டுகூலியோடு 440 யூரோ. சட்டம் 1.6 மில்லிமீற்றர் பூ போதும் என்கிறது. ஆனால் ஏ.டி.ஏ.சி. கோடை ரயருக்கு 3, பனிக்கால ரயருக்கு 4 என்று சொல்கிறது, நான் அதைத்தான் கேட்கிறேன். பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் இருக்கிற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. பூ இருந்தாலும் இறப்பர் கிழடு. (பனிக்கால ரயர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்கள் அந்தச் செலவையும் முதலிலேயே எழுதவேண்டும், ஜேர்மனியில் அது தப்பமுடியாத செலவு.)

இரண்டாவது முன் லோவர் ஆம் இரண்டும், புஸ்ஸும் போல் ஜொயின்றும் சேர்ந்து வருவது: 170.

மூன்றாவது சொக் அப்சோபர் நாலும்: 520. பழைய உயரத்துக்கென்றே செய்த, கொஞ்சம் இறுக்கமான வகை. ஸ்பிறிங் பழையதுதான். ஃபியெஸ்ரா எஸ்.ரி சாதாரண ஃபியெஸ்ராவைவிட 15 மில்லிமீற்றர் பதிந்துதான் தொழிற்சாலையால் வருகிறது, எனக்கு அது காணும்.

நாலாவது சொக் அப்சோபரின் மேல்நுனியைத் தாங்குகிற மவுண்ட், அதின் பெயரிங், பம்ப் ஸ்ரொப், தூசி மறைப்பு: 110. கழற்றினபோதே மாற்றவேண்டும். பிறகு மாற்றினால் அதே கூலியை இரண்டாம்தரம் குடுக்கவேண்டும்.

ஐந்தாவது கராஜ் கூலி 300. ஆறாவது அலைன்மென்ற் 95.

மொத்தம் 1635. மிச்சம் 65 யூரோவைத் தொடாமல் வைத்திருந்தேன். வைத்தது நல்லதாய்ப் போயிற்று. இஞ்சத்தை வீதி உப்பில் கறள் பிடித்த போல்ற் ஒன்று கழற்றும்போது முறிந்தது, அதுக்கு 40. பத்து வருசக் காரில் போல்ற் முறியும். திட்டத்தில் அதுக்கு ஒரு வரி இல்லையென்றால் அது திட்டம் இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு, வீட்டில் பூட்டுகிறவர்களுக்கு: இறப்பர் புஸ் உள்ள போல்றுகளைக் கார் தூக்கினபடி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவேண்டாம். சில்லில் பாரம் வந்து கார் தன்னுடைய உயரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் இறப்பர் எப்போதும் முறுகினபடி நின்று கெதியில் கிழியும். மெக்கானிக்மாரிலேயே அவசரத்தில் இதைச் செய்யாத ஆக்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று மரியாதையாகக் கேளுங்கள், குறைய மாட்டீர்கள்.

இதையெல்லாம் கேட்டால் சிலர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். "அப்ப பதிக்கிற ஸ்பிறிங் செய்து விக்கிற கொம்பனிக்காரரெல்லாம் விசரரோ?" இல்லை. நான் இருக்கிற பக்கமே ஸ்பிறிங்குக்குப் பேர்போன பக்கம். எனேபெற்றாலில் பில்ஸ்ரைன், லெனஸ்ராட்டில் எச் அன்ட் ஆர், ஃபின்னென்ரொப்பில் ஐபாக், மூன்றும் இந்த மலைகளுக்குள்ளும் ஓரத்திலும்தான். பக்கத்து அல்ற்றெனாவில் கம்பிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் இரும்புக்கம்பியை நூற்றாண்டுக் கணக்காக இழுத்தவர்கள், அவர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அவர்களே பதிந்த உயரத்துக்கென்று கட்டையான சொக் அப்சோபரைத் தனியாகச் செய்கிறார்கள். பில்ஸ்ரைனின் பி6 பழைய உயரத்துக்கு, பி8 பதித்த காருக்கு. பி8ஐயும் ஐபாக் ஸ்பிறிங்கையும் பொருத்தம் பார்த்து ஒன்றாகப் பெட்டியில் போட்டால் அதுக்குப் பேர் பி12. செய்கிறவனே சோடியாகத்தான் விற்கிறான். சோடியைப் பிரித்து மலிவான பாதியை மட்டும் வாங்குகிறது நாங்கள். முழுச் சோடிக்கும் காசு வைத்து, தேய்ந்ததை முதலில் மாற்றி, பிறகு 25, 30 மில்லிமீற்றர் பதிக்கிறவனோடு எனக்குச் சண்டை இல்லை. அவனோடு ஒரு தேத்தண்ணி குடிக்க ஆசை.

அடுத்தது பத்திரம். இதுதான் எங்கட பெடியளுக்கு ஆகக் கசக்கிற இடம். ஜேர்மனியில் ஸ்பிறிங் மாற்றினால் அந்தச் சாமானுக்குரிய பத்திரத்தோடு ரியூவ், டெக்ரா போன்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி ஏற்கப்பண்ணவேண்டும். பேர் தெரியாத ஸ்பிறிங்குக்குப் பத்திரமே இல்லை. அப்படி ஓடினால் வாகனம் வீதியில் ஓடுகிற அனுமதியே இல்லாமல் போகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் அடிபட்டவருக்குக் குடுத்துவிட்டு, 5000 யூரோ வரைக்கும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். மருமகனுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. யோசித்துப் பாருங்கள்: சொந்தத் தாயின் கை உடைந்ததுக்கு இன்சூரன்ஸ் தாய்க்குக் குடுத்த காசை, மகன் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

முந்நூறு யூரோ ஸ்பிறிங் கடைசியில் என்ன விலை என்று அவனுக்கு இப்போது தெரியும்.

சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் நின்றது. பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடும், புகை கண்ணைக் கரிக்கும். வெளிப்பெயின்ற் எல்லாம் போய், கதவு ஒன்று கம்பியால் கட்டியிருந்தது. ஆனால் அந்தக் கார்க்காரர் இலை ஸ்பிறிங்கில் ஒரு இலை முறிந்தால் அன்றைக்கே கொல்லனிடம் கொண்டுபோவார். பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிற கார், குண்டும் குழியுமான வீதி. கதவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஒன்றும் இல்லாத காலத்தில் எதுக்கு முதலில் செலவழிக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. காசு வந்த பிறகுதான் மறந்துபோனோம்.

கார் வேலை முடிந்து இப்போது எட்டு மாதம். உயரம் அதே உயரம். அதே றிம், அதே பெயின்ற், பின்கதவில் அதே கீறல். ஆனால் தார் ஒட்டுப்போட்ட அந்த மேட்டில் (ஓம், அதே வளைவுதான், நானும் அதால்தான் வீட்டுக்குப் போகிறேன்) கார் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, நின்றுவிடுகிறது. இரண்டாம் துள்ளல் இல்லை. அந்த இல்லாத துள்ளலுக்குத்தான் நான் 1675 யூரோ குடுத்தேன்.

ஸ்பிறிங்குக்குக் காசு குடுத்தது நான்தான் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வருசம் எடுத்தது. என்னை ஏஜென்சிக்குக் காசு கட்டி இந்த நாட்டுக்கு எடுத்தவ அக்காதான். சொன்னபோது அவ சொதி கலக்கிக்கொண்டு நின்றா. திரும்பிப் பார்க்காமலே, "எனக்குத் தெரியும். அவன் அண்டைக்கே சொன்னவன்" என்றா. அதுக்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை. கரண்டி இடது கையில் இருந்தது.

போன மாதம் மருமகன் வேறொரு பழைய கார் வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு எனக்குப் படம் அனுப்பினான். ஒரு படத்திலும் கார் முழுசாக இல்லை. ஒன்று ரயரின் நாலு இலக்கம், ஒன்று சொக் அப்சோபர், ஒன்று லோவர் ஆம் புஸ். கீழே "மாமா, இதில எதை முதல் மாத்திறது?" என்று எழுதியிருந்தான்.

என்னுடைய போத்தலில் மிச்சம் 25 யூரோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, கொத்துரொட்டி வாங்கித் தின்றுவிட்டு இரண்டு பேரும் காருக்குக் கீழே படுத்துப் பார்ப்போம் என்று பதில் போட்டேன்.

அண்ணை, அடுத்த தேருக்கும் வாருங்கோ. காட்ட ஒன்றும் இராது. அம்மாவை ஏற்றிக்கொண்டு வருவான், அவ்வளவுதான்.